நேரம் எழுதக் கூடாத கட்டம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். பெரிய டாக்டர், பிரசவ வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா, சின்ன டாக்டர், டிரஸ்ட் செக்ரட்டரி, மேட்ரன், மினிட்ஸ் எழுத வந்த ஹெட் கிளார்க், கதவோரம் நோட்டோடு நின்ற நான். நாற்காலிகள் ஆறு. வெளியே வராந்தா பெஞ்சில் நோயாளிப் பெண்ணின் புருஷன் உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே விடவில்லை, ஆகவே கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒவ்வொருவராக நழுவினார்கள். மேட்ரன், தான் அன்றைக்கு லீவு என்றார். டாக்டரம்மா ஏதோ பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பொய். எல்லோரும் இருந்தார்கள். பிஸ்கட் தட்டை நான்தான் சுற்றிக் கொடுத்தேன். யார் எத்தனை எடுத்தார்கள் என்றுகூடச் சொல்வேன்.

மஞ்சூர் போகிற ரோட்டில், தேயிலைச் சரிவுக்கு நடுவே இருந்தது எங்கள் ஆஸ்பத்திரி. சில எஸ்டேட்டுகள் சேர்ந்து தங்கள் ஆட்களுக்காக நடத்திய டிரஸ்ட் ஆஸ்பத்திரி. நாற்பது கட்டில், மூன்று டாக்டர். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பத்து வருஷம் தினக்கூலியாகத் தரை துடைத்து, அப்புறம்தான் நிரந்தரமாக்கினார்கள். நிரந்தரமான பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. ஆஃபீஸிலிருந்து ஆள் வந்தாலே சீட்டுக் கிழிக்கத்தான் வருகிறான் என்று நினைத்துக்கொள்வேன். குவார்ட்டர்ஸ் கதவைப் பூட்டிவிட்டு, பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

என் வேலை, கால்புக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. டாக்டர்களைக் கூப்பிடும் நோட்டுக்கு அதுதான் பேர். கெட்டி அட்டை, நீளவாக்கில் கோடு போட்டது. எந்த டாக்டரை, எந்த நோயாளிக்காக, எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்று வார்டில் எழுதிக் கொடுப்பார்கள். நான் கொண்டுபோய்க் காட்டுவேன். டாக்டர், பார்த்த நேரத்தைப் போட்டுக் கையெழுத்து வைப்பார். சின்ன டாக்டரின் அறை சலவைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே. பெரிய டாக்டரின் பங்களா மேலே, நூற்று நாற்பத்தெட்டுப் படி. மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கிடக்கும். இரண்டு தடவை முழங்காலைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நோட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மற்ற டாக்டர்கள் வரிசையில் கூப்பிட்ட நேரத்தை எழுத வேண்டும். பெரிய டாக்டர் வரிசையில் மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். கூப்பிட்ட நேரம், வந்த நேரம் இரண்டையும் அவரே பிறகு போட்டுக்கொள்வார். யார் சொல்லி ஆரம்பித்தது என்று தெரியாது. எந்தச் சட்டத்திலும் கிடையாது. புதிதாக வருகிற ஒவ்வொரு நர்ஸுக்கும், ஒவ்வொரு டாக்டருக்கும் மேட்ரன் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்.

சின்ன டாக்டருக்கு அவர் சொன்னபோது நான் பக்கத்தில் பக்கெட்டோடு நின்றிருந்தேன்.

"தம்பி, பெரியய்யா வரிசையில மணிய எழுதிப்போடாதீங்க. அவரே போட்டுக்குவாருங்க."

"ஏன் சிஸ்டர்?"

"ஐயாவுக்கு மணி போடறதுக்கு நாம யாருங்க?"

சின்ன டாக்டர் சிரித்தார். ராமநாதபுரம் பக்கத்துப் பையன். படித்து முடித்து நேராக மலைக்கு வந்தவர். ஸ்வெட்டர்கூட இல்லாமல் வந்து இறங்கினார். சர்ஜன் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. இங்கே இரண்டு வருஷம் வேலை பார்த்தால், மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கப் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட நற்சான்று கிடைக்கும் என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்கள். அதற்குப் பதிலாக அவர் ஒரு பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நற்சான்று பெற்றுப் படிக்கப் போனால் பாண்டு ரத்து. மற்றபடி மூன்று வருஷத்துக்குள் விட்டுப் போனால் ஆறாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அதற்கு இரண்டு ஜாமீன். ஒருவர் அவருடைய மாமா. இன்னொருவர் ஆஸ்பத்திரியின் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டுமாம். டாக்டரம்மாவைக் கேட்டார்கள், மாட்டேன் என்றார். மேட்ரன் கண்ணாடி கொண்டு வரவில்லை என்றார். ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

"இங்கிலீசுல இருக்குதுங்களே," என்றேன்.

"தமிழ்ல இருந்தா மட்டும் படிச்சுக் கிழிச்சிருவியாக்கும்? வெறும் சம்பிரதாயமய்யா. போடு."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சம்பிரதாயம் என்றார். போட்டேன்.

சின்ன டாக்டர் என்னை அண்ணே என்று கூப்பிடுவார். டாக்டர் ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இதை அவர்மேல் உள்ள பிரியத்தில் எழுதவில்லை. அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

மூன்று டாக்டர்கள் ஒரே கூரைக்குக் கீழே எப்படி வேலை செய்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். பெரிய டாக்டரின் நோயாளிகளுக்கு நீல அட்டை. டாக்டரம்மாவின் நோயாளிகளுக்கு ரோஸ் அட்டை. சின்ன டாக்டருக்கு அட்டையே கிடையாது. இரண்டு நிறத்துக்கும் ஊசி போடுவது, தையல் பிரிப்பது, திட்டு வாங்குவது அவர் பங்கு. ஒரு நிறத்தைச் சேர்ந்தவர் மற்ற நிறத்தைத் தொட மாட்டார். எப்போதோ ஒருநாள் டாக்டரம்மா ஒரு நீல அட்டைக்காரருக்கு மருந்தை மாற்றி எழுத, பெரிய டாக்டர் மெமோ கொடுத்துவிட்டார். அன்றோடு சரி. அடுத்தடுத்த கட்டிலில் நோயாளிகள் படுத்திருக்க, இரண்டு டாக்டர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரவுண்டு போவார்கள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம், கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணை எஸ்டேட் லாரியில் கொண்டு வந்து இறக்கினார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். இரண்டு நாளாக வயிற்றுவலியாம். சின்ன டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே அவள் போட்ட சத்தம் சமையற்கட்டு வரைக்கும் கேட்டது. குடல்வால் வெடிக்கப் போகிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார். அறுக்கிற உரிமை பெரிய டாக்டருக்கு மட்டும். ஊட்டிக்கு அனுப்புவதானாலும் அவர் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் கொண்டுபோனால் எஸ்டேட் பணம் கட்டாது.

நோட்டில் எழுதினார். நேரக் கட்டத்தை, சொல்லிக் கொடுத்தபடியே, காலியாக விட்டார். என்னிடம் கொடுக்கும்போது வார்டுச் சுவரில் இருந்த கடியாரத்தைப் பார்த்தேன். இரண்டு இருபத்தைந்து.

பெரிய டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நான்கு மணி வரைக்கும் தூங்குவார். டெலிபோன்மேல் தலையணையை வைத்துவிடுவார். கேட்டுக்குச் சங்கிலி, உள்ளே நாய். நான் படியேறிப் போய்ச் சங்கிலியை ஆட்டினேன். கூடலூர்க்காரச் சமையல்காரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"ஐயா உறங்கியாச்சு."

"அவசரமுங்க. வயித்து ஆபரேசன்."

"எழுப்பினா என் பணி போகும். உன் பணி போகுமா? புஸ்தகத்தை இங்க வச்சிட்டுப் போ. கையெழுத்து இப்பவே வேணும்னா நாய்கிட்ட வாங்கிக்கோ."

கீழே வந்து சொன்னேன். சின்ன டாக்டர் டாக்டரம்மாவிடம் ஓடினார். சின்ன டாக்டர் வார்டை விட்டு மேலே போக முடியாது. ஒரு டாக்டராவது வார்டில் இருந்தாக வேண்டும்.

"மேடம், அரை மணி நேரம் நீங்க வார்டைப் பாத்துக்கிட்டா நானே போய் எழுப்பிருவேன்."

"அட்டை என்ன கலர்?"

"நீலம்."

"அப்ப என்னை எதுக்குக் கேக்கறீங்க?" அவர் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு மறுபடியும் ஏறினேன். மூன்று நாற்பதுக்கு மூன்றாவது தடவை. மழை பிடித்துக்கொண்டது. கடைசித் தடவை இறங்கி வரும்போது அந்தப் பெண்ணின் புருஷன் சின்ன டாக்டரின் முன்னால் நின்றிருந்தார்.

"டொக்டரய்யா, அவளுக்கு ஒண்ணும் ஏலாம கெடக்கு. லொறி நிக்குது. ஊட்டிக்குக் கொண்டு போகவா?"

"பெரிய டாக்டர் கையெழுத்து வந்துரட்டுங்க. இப்ப வந்துரும்."

"கையெழுத்தாலதான் வயித்த அறுப்பீங்களோ?"

சின்ன டாக்டர் அவள் கட்டிலுக்குத் திரும்பிப் போய் நாடியைப் பிடித்துப் பார்த்தார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவார் போலிருந்தது.

பெரிய டாக்டர் வரும்போது மணி நான்கரை. தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் வயிற்றுக்குள் வெடித்துவிட்டது. அறுத்தார். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் சீழ் வைத்து, குழாய் வைத்து, நாற்பது நாள் படுக்கையில் கிடந்தாள். அன்று சாயங்காலமே அவர் நோட்டை வரவழைத்துத் தன் வரிசையில் எழுதினார். கூப்பிட்டது நான்கு பத்து. வந்தது நான்கு முப்பது. அழகான கையெழுத்து.

அவள் படுக்கையில் இருக்கும்போதே தொழிலாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மத்தியானம் வந்தவளுக்கு இருட்டும் நேரத்தில் ஏன் ஆபரேஷன் என்று கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் இந்தக் கூட்டம். செக்ரட்டரி அப்போதுதான் கோயமுத்தூரில் ஏதோ பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு அட்டவணையைச் சுவரில் மாட்டினார். வட்டம் வட்டமாகப் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி. சின்ன டாக்டர் வட்டத்திலிருந்து பெரிய டாக்டர் வட்டத்துக்கு ஓர் அம்பு மேலே போனது. அந்த அம்பை நூற்று நாற்பத்தெட்டுப் படி மழையில் தூக்கிக்கொண்டு போனவனுக்கு அதில் வட்டம் இல்லை.

"இது யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்லீங்க," என்று ஆரம்பித்தார் செக்ரட்டரி. "நாமெல்லாம் ஒரே டீம். எங்க தப்பு நடந்துச்சுன்னு கத்துக்கறதுக்குத்தான் உக்காந்திருக்கறோம். மனசு விட்டுப் பேசுங்க."

மனசு விட்டுப் பேசினார்கள்.

"எனக்குத் தகவல் வந்தது நாலு பத்துக்கு," என்றார் பெரிய டாக்டர். "இருபது நிமிஷத்துல வந்துட்டேன். ரெண்டு மணி நேரம் வார்டுல என்ன நடந்துச்சுன்னு இவரைக் கேளுங்க."

"சார், நான் ரெண்டு இருபத்தஞ்சுக்கே புக் அனுப்பினேன்."

"எழுதியிருக்கா?"

"அந்தக் கட்டத்துல எழுதக் கூடாதுன்னு..." சின்ன டாக்டர் மேட்ரனைப் பார்த்தார்.

"நான் அப்படியெல்லாம் சொல்லலீங்களே," என்றார் மேட்ரன். "தம்பி புதுசு. மறந்திருப்பாரு."

"மேடத்துகிட்டயும் வந்து கேட்டேன்," என்றார் சின்ன டாக்டர்.

டாக்டரம்மா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "வந்தார். பதறிக்கிட்டு வந்தார். நான் இங்க பதினோரு வருஷமா இருக்கேன். டிப்ளமோ படிக்க அனுப்புங்கன்னு எத்தனை தடவை எழுதிக் கொடுத்தேன், செக்ரட்டரி சாருக்குத் தெரியும். நான் ஒருநாளும் இப்படிப் பதறல. இவருக்கு வந்தவுடனே எல்லாம் வேணும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அந்தப் பெண்ணின் வயிற்றைப் பற்றியது இல்லை. பதினோரு வருஷம் அவரை உட்கார வைத்த பெரிய டாக்டர் பக்கத்து நாற்காலியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவரை விட்டுவிட்டு, வந்து இரண்டு வருஷமே ஆனவன்மேல் பாய்ந்தார். இதுதான் அவர்களுடைய டீம்.

சின்ன டாக்டரின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அடுத்த திங்கள். சனிக்கிழமை தபாலில் போட்டாக வேண்டும். நற்சான்று டைப் அடித்து ஹெட் கிளார்க்கின் ஃபைலில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த ஃபைல் அப்போது மேஜைமேல்தான் இருந்தது. சின்ன டாக்டரின் கண் அதிலேயே இருந்ததை நான் பார்த்தேன்.

"அண்ணனைக் கேளுங்க சார்," என்றார். "அவர்தான் கொண்டு போனார். மூணு தடவை போனார்."

ஆறு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏப்பா," என்றார் செக்ரட்டரி, "நீ எத்தனை மணிக்கு நோட்டை எடுத்துட்டு மேல போனே?"

எனக்குத் தெரியும். இரண்டு இருபத்தைந்து, மூன்று, மூன்று நாற்பது. இன்றைக்கும் தெரியும். ஆனால் பெரிய டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை. நாற்காலி ஆடுகிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். என் குவார்ட்டர்ஸ், மகளுக்குப் பார்த்திருந்த வரன், நிரந்தரம் என்று கொடுத்த அந்த ஒற்றைக் காகிதம், எல்லாம் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தன.

"என்றகிட்டக் கடியாரம் இல்லீங்க," என்றேன்.

மேட்ரன் களுக்கென்று சிரித்தார். செக்ரட்டரியும் சிரித்தார். "கடியாரம் இல்லாதவன் கையில கால்புக்கு," என்றார் பெரிய டாக்டர். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர.

மினிட்ஸில் ஹெட் கிளார்க் என்ன எழுதினார் என்பது பிறகு தெரிந்தது. மூத்த மருத்துவரை உரிய நேரத்தில் அழைக்க இளநிலை மருத்துவர் தவறினார், அவருக்கு மேலும் ஒரு வருஷம் பயிற்சி தேவை, நற்சான்று அதன் பிறகு பரிசீலிக்கப்படும். சங்கத்துக்கும் அதையே பதிலாக அனுப்பினார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் செக்ரட்டரியே போய், "நடவடிக்கை எடுத்துட்டோமுங்க" என்றார். அவர் எழுந்து கும்பிட்டார்.

சின்ன டாக்டர் மறுநாள் காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். பெட்டியை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே நடந்தேன்.

"டாக்டர், ஒரு வருசந்தானுங்க. பொறுத்துக்கிட்டீங்கன்னா..."

"வார்டுச் சுவத்துல தொங்குது பாருங்க ஒண்ணு, அது என்னண்ணே, காலண்டரா?"

நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"உங்களைச் சொல்லிக் குத்தமில்லண்ணே," என்றார். பஸ் வளைவில் தெரிந்தது. "இல்ல, குத்தம்தான். உங்க மேலயும் குத்தம்தான்."

ஏறிப் போய்விட்டார். அப்போது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவருக்கு இறங்கிப் போக ஓர் ஊர் இருக்கிறது, கையில் பட்டம் இருக்கிறது. ஏழாவது படித்தவன் எந்த பஸ்ஸில் ஏறுவான்? அவ்வளவு தெரிந்தவர், கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். திடுதிப்பென்று ஆறு பேர் முன்னால் கைகாட்டிவிட்டார். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பூட்டிய வீட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு டூட்டிக்குப் போனேன்.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் தன் பழைய கைக்கடியாரத்தைச் சமையல்காரனிடம் கொடுத்தனுப்பினார். "ஐயா தந்ததாக்கும், பத்திரமா வச்சுக்கோ" என்று அவன் சிரித்தான். கட்டிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் பயம். குன்னூர் பஜாரில் விற்றுவிட்டேன்.

அந்த மாதச் சம்பளக் கவரில் அறுபது ரூபாய் குறைந்தது. ஹெட் கிளார்க்கிடம் போனேன்.

"டாக்டர் பாண்டை முறிச்சுட்டுப் போயிட்டாரு. ஜாமீன் யாரு?"

"வெறும் சம்பிரதாயமுன்னு சொன்னீங்களே?"

"ஆமாய்யா. இதுவும் சம்பிரதாயம்தான். மாசம் அறுபது."

சின்ன டாக்டரின் மாமாவைப் பிடிக்க முடியவில்லையாம், நான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தேனாம். கூட்டத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் நற்சான்று கிடைத்திருக்கலாம், அவர் ஒழுங்காகப் படிக்கப் போயிருப்பார், பாண்டும் ரத்தாகியிருக்கும். வேலைக்குப் பயந்து வாயை மூடியதற்கு, அந்த வேலையின் சம்பளத்திலேயே பிடித்தார்கள். மகள் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. மனைவியிடம் காரணம் சொல்லவில்லை. கூட்டுறவுக் கடன் என்று சொன்னேன்.

மூன்று வருஷம் பிடித்தார்கள். பிறகு ஒருநாள் சின்ன டாக்டரிடமிருந்து எனக்கு ஒரு தபால் வந்தது. நான்கே வரி. சர்ஜரிக்கு இடம் கிடைக்கவில்லை, தோல் வைத்தியம் படிக்கிறேன் என்று எழுதியிருந்தார். ஜாமீன் போட்ட உங்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்று பாண்டுப் பணம் ஆறாயிரத்தையும் அங்கிருந்து கிளம்பிய முதல் வருஷத்திலேயே தவணையாகக் கட்டி முடித்துவிட்டேன், ரசீது நகல் இதோ, வைத்துக்கொள்ளுங்கள் என்றும் இருந்தது. ஆஸ்பத்திரி ரப்பர் முத்திரை, ஹெட் கிளார்க்கின் கையெழுத்து. அண்ணே என்று ஆரம்பிக்கவில்லை. ஐயா என்று எழுதியிருந்தார்.

ரசீதை எடுத்துக்கொண்டு ஹெட் கிளார்க்கிடம் ஓடினேன்.

"ஆமா, அவரும் கட்டியிருக்காரு," என்றார், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு.

"அப்ப எங்கிட்டப் புடிச்சது?"

"அது வேற கணக்குல ஏறிருச்சு. கமிட்டியில வெக்கோணும்."

பிடிப்பது மட்டும் அந்த மாதத்தோடு நின்றது. கமிட்டியில் வைத்தார்கள், வைக்கவில்லை, எனக்குத் தெரியாது. பெரிய டாக்டர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். டாக்டரம்மா அந்த இடத்துக்கு வந்தார். டிப்ளமோ இல்லாமலே வந்தார். முதல் நாளே மேட்ரன் புது நர்ஸ்களைக் கூப்பிட்டு, "அம்மா வரிசையில மணிய எழுதாதீங்க" என்று சொன்னதை நானே கேட்டேன். அம்பு போட்ட அட்டவணை சுவரிலேயே தொங்கியது. அடுத்து வந்த சின்ன டாக்டருக்கு ஜாமீன் போட ஆள் தேடினார்கள். என்னைப் பார்த்ததும் ஹெட் கிளார்க் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகின்றன. மூன்று செக்ரட்டரி மாறியாயிற்று. மூன்று பேருக்கும் மனுக் கொடுத்தேன். மூன்றாமவர் மனுவைப் படிக்காமலே, "அப்ப நடந்ததுக்கு நாங்க எப்படிங்க பொறுப்பு?" என்றார். அப்போது நடந்ததற்கு யார் பொறுப்பு என்று அன்றைக்கு என்னிடம் கேட்டார்கள், நான் கடியாரம் இல்லை என்றேன். இன்றைக்கு நான் கேட்கிறேன். மாதம் அறுபது வீதம் முப்பத்தாறு மாதம் பிடித்த பணம் எனக்கு வர வேண்டும். இரண்டாயிரத்து நூற்று அறுபது ரூபாய்.